சர்வே கல்லும் செயற்கைக்கோள் அளவையும்

வரப்புத் தகராறு இல்லாத கிராமம் அபூர்வம். ஒரு முழ அகல நிலத்திற்காக உடன்பிறந்தார் முகம் பாராமலிருப்பதும், அந்நிலத்தின் கிரயத்தைப்போல் பன்மடங்கு பணத்தைக் கோர்ட்டுச் செலவில் இழப்பதும் குடியானவர்கள் நன்கறிந்த விஷயம். ஆதலால், செயற்கைக்கோள்களின் துணைகொண்டு 2 அல்லது 3 சென்டிமீட்டர் பிசகுக்குள் நிலத்தை அளக்கும் முறை வந்துள்ளதென்று கேட்டவுடன், இனி எல்லை வழக்குகளே ஒழிந்துவிடும் என்று பலர் எண்ணுவது இயல்பே. அம்முறை சிறந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய வல்லதன்று என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அளவை நடக்கும் முன்பே தெரிந்துகொள்வது அவசியம்.

இம்முறையின் அடிப்படை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1802-ம் வருஷத்தில் லாம்டன் என்பவர் பரங்கிமலை அருகே 7½ மைல் நீளமுள்ள ஒரு கோட்டை மிகவும் ஜாக்கிரதையாக அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு முழுவதையும் அளக்கத் தொடங்கினார். மலையுச்சிகளும் கோயில் கோபுரங்களும் அவருக்கு அடையாள ஸ்தானங்களாயின. 1808-ம் வருஷத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமுற்றது. அவரே அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். நன்கறிந்த சில இடங்களைக்கொண்டு அறியாத இடத்தைக் காண்பதே அவ்வேலையின் சாரம். இன்றைய முறையின் சாரமும் அதுவே.

இப்பொழுது கோபுரத்தின் ஸ்தானத்தில் நிலையான ஆதார நிலையங்கள் இருக்கின்றன. இவற்றைச் சர்வே இலாகாவார் ‘கோர்ஸ்’ நிலையங்கள் என்பர். பூமிக்கு மேல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்களிலிருந்து வரும் சமிக்ஞை, வான்மண்டலத்தைக் கடக்கையில் சிறிது தாமதிக்கிறது; கோளின் கடிகாரத்திலும் பாதையிலும் நுண்ணிய பிழைகள் உண்டு. ஆகவே தனிக் கருவி காட்டும் இடம் சில மீட்டர் விலகியிருக்கும். ஆதார நிலையத்தின் உண்மையான இடம் முன்னமே தெரியுமாதலால், அந்த நொடியில் பிழை எவ்வளவு என்று அது கணக்கிட்டுவிடுகிறது. ஒரே நிலையத்தை நம்பினால் 10, 20 கிலோமீட்டருக்கப்பால் திருத்தம் பலவீனமாகும். பல நிலையங்களை வலைபோல் இணைத்தால், அவற்றிற்கிடையேயுள்ள எந்த வயலுக்கும் பொருந்தும் திருத்தம் கைப்பேசி வழியாக அளவையாளரின் கருவிக்கு உடனுக்குடன் வந்து சேர்கிறது.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். 5 சங்கிலி நீளமும் 2 சங்கிலி அகலமும் உள்ள வயல் சரியாக 1 ஏக்கர். அதன் நீண்ட வரப்பு ஒரு லிங்க், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர், தள்ளிப்போனால் அரை சென்ட் போய்விடும். கைப்பேசியிலுள்ள சாதாரணக் கருவியை நம்பி 3 மீட்டர் பிசகினால் சுமார் 7½ சென்ட் போய்விடும். ஆதார நிலைய வலையைக்கொண்டு அளந்து 2 சென்டிமீட்டர் பிசகினால், போவது ஒரு சென்டில் இருபதில் ஒரு பங்கே. ஆகவே, கைப்பேசியைப் பார்த்து வரப்பை வெட்டுவோர் பெருந்தவறு செய்கிறார்கள் என்பதும் இதனால் விளங்கும்.

ஆனால் கருவி அளப்பது கல்லை, உரிமையையன்று. பழைய புல அளவுப் புத்தகத்தில் கல்லுக்குக் கல் உள்ள தூரமே எழுதப்பட்டிருக்கிறது. பூமியின்மேல் அக்கல் இருக்கும் இடத்திற்கு எண் ஏதும் அதில் இல்லை. எனவே அப்படத்தை நிலத்தின்மேல் பொருத்த, அசையாத பழைய கற்கள் இரண்டு மூன்றாவது அகப்பட வேண்டும். கல் பெயர்ந்திருந்தாலோ, டிராக்டர் உழவில் நகர்ந்திருந்தாலோ, யாரேனும் இரவில் மாற்றி நட்டிருந்தாலோ, அந்தப் பொய்க்கல்லையும் கருவி அதே நுட்பத்துடன் அளந்து கொடுக்கும். நுட்பமாக எழுதப்பட்ட தவறு, தோராயமாக எழுதப்பட்ட தவற்றைவிடக் கொடியது. பின்னர் அதை மறுப்பது ஏழைக் குடியானவனுக்கு எளிதன்று.

விஸ்தீரண விஷயத்திலும் நிதானம் வேண்டும். மேடுபள்ளத்தில் சங்கிலி பிடித்து அளந்த காலத்து 1 ஏக்கர், புதிய அளவையில் 98 சென்டாகத் தோன்றலாம். அதனால் பக்கத்துக்காரர் 2 சென்ட் கவர்ந்துவிட்டார் என்று ஆகாது. நிலம் சுருங்கவில்லை, கணக்குத்தான் திருந்தியது. பத்திரத்தில் நான்கெல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால் நான்கெல்லைக்கே பொதுவாக முதன்மை தருவது கோர்ட்டுகளின் நெடுநாளைய வழக்கம். இத்தகைய சிறு வித்தியாசங்களை எவ்வாறு பதிவது, எந்த அளவுக்கு மேற்பட்டால் விசாரிப்பது என்பதைச் சர்வே இலாகாவார் அளவை தொடங்குமுன் கிராமந்தோறும் தெளிவாக அறிவிப்பதே நியாயம். அறிவிக்காவிட்டால், ஒழிந்துபோன வழக்குகள் மீண்டும் உயிர்பெறும்.

எல்லையின் இடத்தை எண்ணாகப் பதிந்துவிட்டால் கல்லே வேண்டாம் என்று சிலர் வாதிக்கின்றனர். வெள்ளத்தில் போன கல்லை அதே இடத்தில் திரும்ப நட அவ்வெண் உதவும் என்பது உண்மையே. ஆனால் உழுகிறவன் கண்ணுக்குத் தெரிவது கல்லேயன்றி எண்ணன்று. மேலும், நம் தேசம் அமைந்துள்ள நிலத்தட்டு வருஷத்திற்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. உலகக் கணக்கில் 20 வருஷத்தில் அது 1 மீட்டராகும். வயலும் கல்லும் ஆதார நிலையமும் சேர்ந்தே நகர்வதால் பயமில்லை. எனினும் எந்தத் தேதியில், எந்த ஆதாரக் கணக்கில் எடுத்தது என்று குறிக்காத எண், பிற்காலத்தார்க்குப் புதிராகவே முடியும். கல்லும் எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சியாக இருப்பதே நன்று. அடர்ந்த தென்னந்தோப்பில் வானம் மறைவதால் கருவி தடுமாறும். அங்கே வெளியில் இரண்டு இடங்களை நிர்ணயித்து, அவற்றிலிருந்து பழைய முறையில் உள்ளே அளக்கவேண்டியதுதான்.

ஆகையால் முதல் வேலை கருவியினுடையதன்று. சர்வே கற்களைக் காப்பதும் பழுதுபார்ப்பதும் பட்டாதாரின் கடமை; அவை அழிக்கப்படாமல் கவனிப்பது கிராம அதிகாரியின் கடமை. 1923-ம் வருஷத்துச் சர்வே எல்லைகள் சட்டம் இரண்டையும் விதித்திருக்கிறது. 1980-ம் வருஷத்தில் கர்ணம் பதவி நீங்கியபோது, எந்தப் புதரில் எந்தக் கல் உள்ளதென்ற வாய்வழி அறிவும் பல ஊர்களில் உடன் நீங்கிற்று. அதை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அறுவடைக்குப்பின் வயல் வெறுமையாக இருக்கும் மாதங்களில், கிராம நிர்வாக அதிகாரி அவர்களை அழைத்துக்கொண்டு, பக்கத்துப் பட்டாதார்கள் இருவரையும் ஒருங்கே வைத்து, கல்லைத் தேடிப் பார்த்து, உள்ளதை உள்ளபடியும் இல்லாததை இல்லையென்றும் எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும். ஒத்துக்கொண்ட எல்லையைக் கருவி என்றைக்கும் நிலைநிறுத்தும். ஒவ்வாத எல்லையைச் சட்டப்படி விசாரித்து முடிவு செய்தபின்னரே எண்ணாக்க வேண்டும்.

அளவையாளர் வரும் நாளில் வயலில் இல்லாதிருந்துவிட்டுப் பின்னர் மனு எழுதுவது பலரின் வழக்கம். அறிவிப்பு வந்தால் அன்றைய வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வரப்பில் வந்து நிற்பவனே தன் நிலத்தைக் காத்துக்கொள்வான்.