தன் கதையைத் தானே சொல்லும் உரிமை

துன்பத்தை மனத்துள் அடக்கி வைத்தலினும், நம்பத்தகுந்தார் ஒருவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளுதல் நலமென்பது அனைவரும் அறிந்த உண்மை. ஆயினும் எல்லாத் துன்பங்களையும் சொல்லுதற்கு உலகம் ஒருபடித்தாக இடந் தருவதில்லை. திருட்டுக் கொடுத்தவன் தெருவில் நின்று கூவலாம். ஊர் அவனுக்கு இரங்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் வாய் திறப்பின், குற்றஞ் செய்தவனைச் சேரவேண்டிய நாணம் அவள் தலைமேற் சுமத்தப்படுகின்றது. இந்நிலை மாறுதற்கு இக்காலத்தே தோன்றியுள்ள ஒரு வழியை நம் கல்லூரியார் சிந்தித்தல் வேண்டுமென்னும் விருப்பால் இதனை எழுதலானோம்.

அவ்வழியாவது, பாதிக்கப்பட்டவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்து, தாம் தேர்ந்த படங்களுடன் இணைத்து, சில நிமிடங்களே ஓடும் சிறு படமாக ஆக்குதல். அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1990களின் தொடக்கத்தில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி முதலியோர் பொதுவகைக் கதைகளுக்காக இம்முறையைத் தொடங்கினர். 1999இல் ஏமி ஹில் என்னும் அம்மையார் ‘சைலன்ஸ் ஸ்பீக்ஸ்’ என்ற முயற்சியின் வாயிலாக, வன்முறையினின்று மீண்டோர்க்கு அதனைப் பயன்படச் செய்தார். சிலர் வட்டமாக அமர்ந்து ஒருவர் கதையை ஒருவர் பொறுமையுடன் கேட்பதே இதன் முதற்படி. கருவி பின்னரே வருவது.

இது கடல் கடந்த நாட்டார்க்குரிய செய்தி; நமக்கென்ன என்பார் உளராயின், அவர் நம் தருமபுரி மாவட்டத்தையே நோக்குக. கம்பைநல்லூரிலும் அரூரிலும் உள்ள முதியோர் வாச்சாத்தியை மறந்திரார். சித்தேரி மலையடிவாரத்து மலையாளிப் பழங்குடியினர் வாழும் அவ்வூருக்குள், 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் கற்பழிக்கப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைப்படுத்தப்பட்டனர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. அவருள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவர்க்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது.

இவ்வெற்றியின் வேர் யாது? எழுத்தறிவு மிகாத மலைவாழ் பெண்கள், அதிகாரம் படைத்தோர் முன்னின்று, நடந்ததை நடந்தவாறே சொன்னதன்றோ! அவர் சங்கத்தாரும் வழக்கறிஞரும் துணை நின்றனர், ஊரும் கைவிடவில்லை. எனினும் அவர் சொல்லியதெல்லாம் பிறர் கேட்ட வினாக்களுக்கு விடையாகவே அமைந்தது. விசாரணை அதிகாரி ஒருமுறை, வழக்கறிஞர் ஒருமுறை, நீதிபதி ஒருமுறை எனக் கேட்டனர். நீதிமன்றத்துக்கு வேண்டுவது சான்று. பெண்ணுக்கு வேண்டுவது தன் வாழ்வு அந்த ஒருநாளோடு முடிந்துவிடவில்லை என்னும் உணர்வு. தன் வயலையும், தான் வளர்த்த மகளையும், தான் மீண்டெழுந்த காலத்தையும் சேர்த்துச் சொல்லுதற்குச் சாட்சிக்கூண்டில் இடமில்லை. அவ்விடத்தை இம்முறை தருகின்றது. அதனைக் கேட்கும் ஊராரும் வம்பு பேசுவதை விட்டுத் துணை நிற்கக் கற்பர்.

‘ஆறிய புண்ணைக் கிளறலாமா?’ என்று கேட்பார் சிலர். புண் ஆறிற்றா என்பதைப் புண்பட்டவரே அறிவர். சொல்லென வற்புறுத்துதலும் சொல்லாதேயென அடக்குதலும் ஒரு தன்மையவே; இரண்டும் அவர் விருப்பத்தைப் பறிக்கின்றன.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. பெண்களைப் படம்பிடித்து மிரட்டுதற்குக் கைப்பேசியே கருவியாயிற்றென்பதைப் பொள்ளாச்சி வழக்கு காட்டிற்று. அவ்வழக்கில் ஒன்பது பேர்க்கு 2025 மே 13இல் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அரசாணையே வெளியிட்டுவிட்ட கொடுமையை என்னென்பது! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒருமுறை பரவிய படத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

ஆதலின் இம்முறையை மேற்கொள்வார் சில நெறிகளைத் தவறாது போற்றுதல் வேண்டும். படம் அவருடைய உடைமை. அதனை யார் காண்பது, எப்பொழுது அழிப்பது என்பன அவர் முடிவு. முகமும் ஊரும் பெயருமின்றிக் குரல் மட்டும் அமையலாம்; குரலும் வேண்டாவெனில் பிறர் படிக்கலாம். உளநல ஆலோசகர் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது. வழக்கு நடைபெறுங்கால், முன்பு பதிவு செய்த சொல்லைக் கொண்டு எதிர்த்தரப்பார் குறுக்கு விசாரணை செய்யக்கூடுமாதலின், முதலில் வழக்கறிஞரைக் கலத்தல் வேண்டும். பாதிக்கப்பட்டவரை அடையாளங் காட்டுதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். வயது வந்தவர் தாமே எழுத்தால் இசைந்தாலன்றி வெளியிடலாகாது. சிறார் திறத்தில் இன்னும் பதின்மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று படம் பிடிக்கும் கருவி உளது. அதனைக் கொண்டு பிறர் துயரைத் தேடிச் செல்லுமாறு நாம் கூறவில்லை. முதலில் செவியைப் பண்படுத்துங்கள். உங்கள் தோழி ஒருத்தி வாய் திறக்குங்கால், ‘நீ ஏன் அங்குச் சென்றாய்?’ என்று கேளாதீர். அவள் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டு செல்லாதீர். 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அவளறியச் செய்யுங்கள். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் ஓர் அறையும் ஓர் ஆலோசகரும் நம் கல்லூரியில் அமையுமாறு முயல்வாராக. அச்சமின்றிச் சொல்லவும் விரும்பியவாறு மௌனமாயிருக்கவும் ஓரிடம் உண்டென்னும் நம்பிக்கை நம் மாணவியர்க்குப் பிறக்குமாயின், அதுவே நாம் பெற்ற கல்வியின் பயனாகும்.