அவனுக்கும் ஒரு நாற்காலி

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகனைக் கணினி வகுப்பிலிருந்து மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டனர். பையனுக்கு ஆட்டிசம். காதைப் பொத்திக்கொள்கிறான், சொன்னதைச் செய்வதில்லை என்பது குற்றச்சாட்டு. அவனுக்கு அறிவு குறைவன்று; இரைச்சலும், ஒரே மூச்சில் பொழியும் கட்டளைகளுமே தடை.

ரயில்வே ஊழியராகிய நாம் ஒன்றறிவோம்: கால அட்டவணை இல்லாத நிலையத்தில் எந்தப் பயணியும் கலங்குவான். அன்றைய பாட வரிசையைப் படமாகவும் எழுத்தாகவும் முன்கூட்டியே ஒட்டிவைத்து, அமைதியான மூலையில் படிப்படியாகக் கற்பித்தால் இப்பிள்ளைகள் பலர் தேறுவர். பேச்சு வாராதோர் படத்தைத் தொட்டுக் கருத்துரைக்கச் சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்னும் செயலியும் உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடெனச் சான்று பெற்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடு இடம். ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலை வகுத்த தேசிய நிறுவனம், நம் செகந்திராபாத் மனோவிகாஸ் நகரிலேயே 1984 முதல் இயங்குகிறது. பெற்றோர் கூச்சம் விடுத்து அதன் வாயிலை அணுகுக.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: நம் ஞாயிறு வகுப்பில் அவனுக்கொரு நாற்காலி ஒதுக்கலாகாதா?