வாங்கிய புத்தகம் யாருக்குச் சொந்தம்?

கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறோம். பணம் கொடுக்கிறோம். வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரியில் வைக்கிறோம்.

அது யாருக்குச் சொந்தம்?

"வாங்கியவருக்குத்தான் சொந்தம். இதில் என்ன சந்தேகம்?" என்று சின்னக் குழந்தையும் கேட்கும்.

ஆனால், அமெரிக்காவில் 2009-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு விசித்திரம் நடந்தது.

அங்கே அமேசான் கம்பெனி "கிண்டில்" என்ற கருவியை விற்கிறது. பார்ப்பதற்கு சிலேட்டு போல இருக்கும். புத்தகங்களை வாங்கி அதில் நிரப்பிக்கொண்டு படிக்கலாம்.

ஜார்ஜ் ஆர்வெல் என்ற இங்கிலாந்து எழுத்தாளரின் "1984", "விலங்குப் பண்ணை" ஆகிய நாவல்களைப் பலர் அப்படி வாங்கி இருந்தார்கள்.

ஒரு நாள் கருவியைத் திறந்தார்கள். புத்தகங்களைக் காணோம்!

திருடன் வரவில்லை. பூட்டு உடையவில்லை. விற்ற கம்பெனியே தூரத்தில் இருந்தபடி புத்தகங்களை அழித்துவிட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அந்தப் பதிப்பை விற்பனைக்கு வைத்தவருக்கு, அமெரிக்காவில் அதை விற்கும் உரிமை கிடையாது. அதுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. "1984" நாவல் எதைப் பற்றியது தெரியுமா? தனக்குப் பிடிக்காத பழைய எழுத்துக்களை எல்லாம் ஓர் அரசாங்கம் தேடித் தேடி அழிக்கிறது. அதைப் பற்றிய கதைதான் அது!

கம்பெனியின் தலைவர் ஜெப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். பள்ளிக்கூட மாணவர் ஒருவர், "புத்தகத்தோடு என் பாடக் குறிப்புகளும் பாழாகிவிட்டன" என்று வழக்குப் போட்டார். கம்பெனி 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

ஆனால், கேள்வி மட்டும் தீரவில்லை.

வாங்குவதா, வாடகையா?

2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் அமுலுக்கு வந்தது.

கம்ப்யூட்டர் வழியாகப் புத்தகம், சினிமா, பாட்டு விற்கும் கடைகள் "வாங்குங்கள்" என்று சும்மா சொல்லக்கூடாது. "நீங்கள் பெறுவது பொருள் அல்ல, அதை உபயோகிக்கும் அனுமதிதான்" என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி விற்கும் பொருளுக்கு மட்டும் இந்த நிபந்தனை கிடையாது.

அதே ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி, அமேசான் ஒரு பழைய வசதியை நிறுத்தியது. வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கம்பி மூலம் கருவிக்கு மாற்றும் வசதி அது.

காகிதப் புத்தகத்தை அண்ணன் படித்துவிட்டு தம்பிக்குக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்கு இரவல் தரலாம். பாதி விலைக்கு விற்கலாம். தாத்தாவின் புத்தகம் பேத்தியின் கைக்கு வரலாம். அனுமதியாக வாங்கிய புத்தகத்துக்கு இந்த உறவு பெரும்பாலும் இல்லை.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ஒரு மனிதரின் நினைவு வருகிறது. அவர் கோடீசுவரர் அல்ல. மந்திரியும் அல்ல. படிப்பையும், கம்ப்யூட்டரையும், நாட்டுச் சட்டத்தையும் பற்றி நாள்தோறும் யோசித்துக்கொண்டே இருந்த ஒரு சாதாரண மனிதர். பெயர், மைக்கேல் ஹார்ட்.

பலசரக்குப் பை

1971-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம்.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள அர்பானா ஊரில் வாண வேடிக்கை நடந்தது. பல்கலைக்கழக மாணவரான ஹார்ட் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 24.

வழியில் கடையில் சாப்பாட்டுச் சாமான் வாங்கினார். வீட்டுக்கு நடந்து போக மனம் இல்லை. "இன்று இரவு கம்ப்யூட்டர் கூடத்திலேயே இருந்துவிடுவோம்" என்று அங்கே போனார்.

அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் கிடையாது. பல்கலைக்கழகத்தில் பெரிய எந்திரம் இருந்தது. அதை உபயோகிக்க, தெரிந்தவர்கள் மூலம் ஹார்ட்டுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்த அனுமதியின் மதிப்பு 10 கோடி டாலர் இருக்கும் என்பது அவரது கணக்கு.

"இவ்வளவு பெரிய பரிசு கிடைத்திருக்கிறது. இதற்கு ஈடாக என்ன செய்வது?" என்று யோசித்தார். யோசித்தபடியே சாப்பாட்டுப் பையைப் பிரித்தார்.

சாமான்களோடு ஒரு காகிதமும் வந்து விழுந்தது. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம்! சுதந்திர தினத்துக்காக, கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஹார்ட் அதை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் டைப் அடித்தார். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினால் எந்திரம் தாங்காது. ஆகவே, "இன்ன இடத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று தகவல் மட்டும் கொடுத்தார்.

அந்தக் கம்ப்யூட்டர்த் தொடர்பில் சுமார் 100 பேர் இருந்தார்கள். 6 பேர் எடுத்துக்கொண்டார்கள்.

உலகத்தின் மிகப் பெரிய இலவச நூலகங்களில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. ஐரோப்பாவில் அச்சுத் தொழிலுக்கு வழி காட்டிய குட்டன்பர்க்கின் பெயரை அதற்கு வைத்தார் ஹார்ட்.

வேறு யோசனை

கம்ப்யூட்டர் என்றால் அந்தக் காலத்தில் கணக்குப் போடும் எந்திரம். ஹார்ட் வேறு விதமாக நினைத்தார்.

"கம்ப்யூட்டரின் பெரிய பயன் கணக்குப் போடுவது அல்ல. நூலகங்களில் உள்ளதைச் சேர்த்து வைப்பதும், தேடி எடுப்பதும்தான்" என்பது அவர் கருத்து.

ஒரு வீட்டில் ஒரு ரொட்டி இருக்கிறது. பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆனால், கம்ப்யூட்டரில் உள்ள புத்தகம் அப்படி அல்ல. பத்துப் பேர் பிரதி எடுத்தாலும் பத்துப் பேருக்கும் முழுப் புத்தகம். கொடுத்தவரிடமும் குறைவது இல்லை.

ஹார்ட் சிக்கனமாக வாழ்ந்தார். வீட்டையும் காரையும் தானே பழுது பார்த்தார். பிறர் கழித்துப் போட்ட பாகங்களைக் கொண்டு கம்ப்யூட்டர்களைச் செய்தார்.

புத்தகங்களை அலங்காரம் இல்லாத வெறும் எழுத்தாகவே சேமித்தார். "பழைய கம்ப்யூட்டரிலும் திறக்கவேண்டும், நாளைக்கு வரப்போகும் கம்ப்யூட்டரிலும் திறக்கவேண்டும்" என்பது அவர் எண்ணம்.

முதல் 18 ஆண்டுகளில் சேர்ந்தவை 10 நூல்கள்தான். 10-வது நூலான பைபிள் 1989-ல் முடிந்தது. பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். 1994-ல் 100 நூல்கள். 1997-ல் ஆயிரம். 2003-ல் 10 ஆயிரம். இன்று 70 ஆயிரத்துக்கும் மேல்.

2000-ம் ஆண்டு முதல் இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, வீட்டில் இருக்கும் தொண்டர்களுக்குக் கொடுக்கிறார்கள். நாளைக்கு ஒரு பக்கம் பிழை திருத்தினால் போதும். சம்பளம் கிடையாது.

அரசியல் வந்தது

இந்த இடத்தில்தான் அரசியல் குறுக்கிட்டது.

எழுதியவருக்கு, அவர் எழுதியதன் மீது சில காலம் தனி உரிமை உண்டு. அதற்குப் பதிப்புரிமை என்று பெயர். காலம் முடிந்ததும் அந்த நூல் பொதுச் சொத்து ஆகிவிடும். யாரும் அச்சிடலாம். ஹார்ட்டின் நூலகத்தில் உள்ளவை பெரும்பாலும் அப்படிப்பட்ட நூல்கள்தான்.

அந்தக் காலம் எவ்வளவு?

அமெரிக்காவின் முதல் சட்டம் 1790-ல் வந்தது. 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டு. 1831-ல் இது 28-ம் 14-ம் ஆயிற்று. 1909-ல் 28-ம் 28-ம் ஆயிற்று. 1976-ல் வந்த சட்டப்படி, ஆசிரியர் ஆயுள் முழுவதும். அதன் பிறகு 50 ஆண்டு.

1998-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, ஜனாதிபதி கிளிண்டன் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு ஆயிற்று. முன்பே வெளிவந்த பழைய நூல்களுக்கு, வெளியான நாளில் இருந்து 95 ஆண்டு!

இந்தச் சட்டத்தை "மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்" என்று மக்கள் கேலி செய்தார்கள். கார்ட்டூன் எலியின் முதல் படங்களுக்கும் இதனால் ஆயுள் நீண்டது.

ஹார்ட் இதை ஒரு சரித்திரமாகவே பார்த்தார். நீராவி அச்சு எந்திரம் வந்தது. 1831-ல் உரிமைக்காலம் நீண்டது. மின்சார அச்சு எந்திரம் வந்தது, 1909-ல் நீண்டது. நகல் எடுக்கும் எந்திரம் வந்தது, 1976-ல் நீண்டது. இணையம் வந்தது, 1998-ல் நீண்டது. "ஏழைக்குப் புத்தகம் மலிவாகக் கிடைக்க ஒரு வழி திறக்கும்போதெல்லாம், சட்டம் வந்து கதவைச் சாத்துகிறது" என்பது அவர் வாதம்.

சட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஐரோப்பாவில் 70 ஆண்டு என்று 1993-லேயே முடிவு செய்துவிட்டார்கள். "அமெரிக்க ஆசிரியர்கள் மட்டும் ஏன் குறைவாகப் பெறவேண்டும்?" என்று கேட்டார்கள்.

ஒரு தகப்பன் போட்ட வழக்கு

இந்தச் சட்டத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவர் எரிக் எல்ட்ரெட். இவரும் வீட்டுக் கம்ப்யூட்டர்க்காரர்தான்.

இவருடைய மகள்கள் பள்ளிக்கூடத்தில் நதானியேல் ஹாதார்ன் எழுதிய பழைய நாவலைப் படிக்கவேண்டி இருந்தது. அவர்களுக்கு உதவியாக, நாவலைக் குறிப்புகளோடு இணையத்தில் ஏற்றினார். பிறகு பல பழைய நூல்களையும் ஏற்றினார். 1923-ல் வெளியான ராபர்ட் பிராஸ்டின் கவிதை நூலையும் ஏற்ற விரும்பினார். புதிய சட்டம் தடுத்துவிட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2003-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று 7 நீதிபதிகளும், செல்லாது என்று 2 நீதிபதிகளும் கூறினார்கள். "காலத்தை நிர்ணயிக்க காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு" என்பது பெரும்பான்மை தீர்ப்பு.

எல்ட்ரெட் தோற்றார். 1923-ல் வெளிவந்த நூல்கள் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிதான் பொதுச் சொத்து ஆயின. ஹார்ட் அந்த நாளைப் பார்க்கவில்லை. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, அர்பானாவில் தன் வீட்டில் காலமானார். வயது 64.

எழுத்தாளரின் வயிறு

எல்லாம் இலவசம் என்றால் எழுத்தாளர் எப்படிச் சாப்பிடுவார்? இதுவும் நியாயமான கேள்வி.

"இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற அமெரிக்க இணைய நூலகம், உரிமைக்காலம் முடியாத நூல்களையும் படம் பிடித்து, கம்ப்யூட்டர் வழியே இரவல் கொடுத்தது. நான்கு பெரிய பதிப்பாளர்கள் 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2024-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி அப்பீல் கோர்ட்டிலும் நூலகம் தோற்றது. சுமார் 5 லட்சம் நூல்களை இரவலில் இருந்து எடுக்கவேண்டியதாயிற்று.

பதிப்பாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். ஆனால், செத்தவருக்கு உற்சாகம் கொடுத்துப் புதிய புத்தகம் எழுத வைக்க முடியாது. 70 ஆண்டு கழித்து அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? பேரனுக்கா, கம்பெனிக்கா? கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆர்வெல் 1950-ல் இறந்தார். 1949-ல் வெளியான அவருடைய "1984" நாவல், அமெரிக்காவில் 2044-ம் ஆண்டு முடியும் வரை தனியார் சொத்து. ஆஸ்திரேலியாவிலோ 2009-க்கு முன்பே பொதுச் சொத்து ஆகிவிட்டது. ஓர் ஊரில் இலவசம். இன்னோர் ஊரில் குற்றம்!

நம் நாட்டில்

இந்தியாவில் 1957-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த பிறகு 50 ஆண்டு உரிமை இருந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1941-ல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை 1991-ல் முடியும் தறுவாயில் சட்டம் திருத்தப்பட்டு, 60 ஆண்டு ஆயிற்று.

தமிழ்நாட்டுக்கு வேறொரு வழியும் தெரியும். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-ல் சென்னை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்து ஆயின. வாரிசுகளுக்குப் பணமும், மக்களுக்குப் புத்தகமும் கிடைக்கும்படி, பிறகு பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

1998-ம் ஆண்டு பொங்கல் நாளில் "மதுரைத் திட்டம்" தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள், வேலை முடித்து வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பழந்தமிழ் நூல்களை டைப் அடித்தார்கள். சங்க இலக்கியமும், திருக்குறளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த நூல்களை ஒருவர் தன் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டால், அது அவருடையது. தம்பிக்குக் கொடுக்கலாம். காகிதத்தில் அச்சிட்டுப் பாட்டிக்குப் படித்துக் காட்டலாம். இரவோடு இரவாக வந்து எந்தக் கம்பெனியும் அழிக்க முடியாது.

புத்தகம் வாங்கும் குடும்பங்கள் இனிமேல் விலையோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும். கொடுக்கிற பணம் புத்தகத்துக்கா, அனுமதிக்கா? குழந்தைகளுக்குச் சேர்த்து வைக்கும் நூலகம் என்றால், இதைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

1971-ல் ஹார்ட் டைப் அடித்த சுதந்திரப் பிரகடனம் அவருடைய நூலகத்தில் முதல் எண்ணாக இன்றும் இருக்கிறது. அன்று அதை எடுத்துக்கொண்டவர்கள் 6 பேர். இன்று கம்ப்யூட்டரும் இணையமும் உள்ள எவரும் எடுத்துக்கொள்ளலாம்.