முதல் இருக்கையும் மறு உயர்த்தலும்

ஆன்லைன் போக்கரில் முதல் இருக்கையிலிருந்து உயர்த்துகிறீர்கள். பின்னால் இருப்பவர் அதை மறுபடியும் உயர்த்துகிறார். 'மிரட்டிப் பார்க்கிறான்' என்கிறது ஒரு மனம். 'ஏஸ் ஜோடிதான்' என்கிறது இன்னொரு மனம். இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

மலேசியாவின் தங்காக் ஊர்த் துணிக்கடைகளில் பேரம் பேசியவர்களுக்குத் தெரியும், முதலில் விலை சொன்னவருக்கு இறங்கி ஏற இடம் குறைவு. ஆறு பேர் மேசையில் முதல் இருக்கைக்காரர் மற்ற ஐவருக்கும் முன்னால் வாய் திறக்கிறார். அவரிடம் நல்ல சீட்டு இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி நினைத்தும் ஒருவர் உயர்த்தினால், அவர் கையும் சாதாரணமாக இருக்காது. பிளைண்ட் (சீட்டு பார்க்குமுன் கட்டாயமாகப் பணம் வைக்கும்) இருக்கைகளில் இல்லாத ஒருவர் உயர்த்தியிருந்தால், மேசைச் சீட்டுகள் விழுந்த பிறகும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

பிளைண்ட் தொகை 0.5, 1 என்று வையுங்கள். நீங்கள் 2.5 போட்டீர்கள், அவர் 8 ஆக்கினார், மற்றவர்கள் மடித்துவிட்டார்கள். நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை 12. தொடர நீங்கள் போட வேண்டியது 5.5. நூற்றுக்குச் சுமார் 31 முறை வென்றால் கட்டுபடியாகும். ஆனால் முதலில் பேசுபவர் தன் சீட்டின் பலத்தை முழுசாகக் காசாக்குவது அரிது. அதனால் 31-க்கு மேலேயே இருப்பது நல்லது.

எதிர்ப்பக்கக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. அவர் 4-ஐப் பிடிக்க 8-ஐப் பணயம் வைக்கிறார். மூன்றில் இரண்டு முறைக்கு மேல் நீங்கள் மடித்தால், பின்னால் வேறு யாரும் குறுக்கிடாத வரை, எந்தக் குப்பைச் சீட்டிலும் அவருக்கு லாபம். அதற்காக வீம்புக்குத் தொடர வேண்டியதில்லை. ஏஸ்-ஏஸ், ராஜா-ராஜா என்றால் 20, 22 வரை மறுபடி உயர்த்துங்கள். ஏஸ்-ராஜா கையில் இருந்தால் எதிரிக்கு ஏஸ் ஜோடி வரும் வழி ஆறிலிருந்து மூன்றாகக் குறைகிறது, ராஜா ஜோடிக்கும் அப்படியே. ஒரே ஜாதி ஏஸ்-ஐந்தில் மிரட்டலாக உயர்த்துவதற்கும் இந்த ஏஸ்தான் காரணம். ஜாதி மாறிய ஏஸ்-ராணி, ராஜா-ஜாக் தயங்காமல் மடிக்க வேண்டியவை. ஏழு ஜோடியிலும் யோசித்தே தொடருங்கள்: மேசையின் முதல் மூன்று சீட்டில் இன்னொரு ஏழு விழுவது சுமார் எட்டில் ஒரு முறைதான்.

எதிரி யார் என்பது இதையெல்லாம் புரட்டிவிடும். ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளிலும் ஏஸ்-ராஜாவிலும் மட்டும் மறுபடி உயர்த்துபவர், 1,326 கைச்சேர்க்கைகளில் 34-ஐத்தான் அப்படி ஆடுகிறார். அவரிடம் ஜாக் ஜோடியைக்கூட மடிக்கலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் 2019-இல் அறிவித்த புளூரிபஸ் என்ற போக்கர் நிரலோ ஒரே சீட்டை ஒருமுறை உயர்த்தும், மறுமுறை மடிக்கும். எதிரியால் கணிக்கவே முடியாது.

இது திறமையா, சூதா? சென்னை உயர் நீதிமன்றம் நவம்பர் 2023-இல் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்றது. ஆகஸ்ட் 2025-இல் இந்திய நாடாளுமன்றம் திறமை என்றாலும் பணம் வைத்து ஆன்லைனில் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கெந்திங் மலைக்குத்தான் கசினோ உரிமம். தங்காக்கில் கைப்பேசியோடு இருப்பவருக்கு இலவசச் சில்லு மேசைதான் சரி. அங்கே இழக்க ஒன்றுமில்லாததால் யாரும் எளிதில் மடிக்க மாட்டார்கள். ஆகவே ஏஸ்-ஐந்து மிரட்டலை விட்டுவிட்டு, உண்மையான பெரிய சீட்டில் மட்டும் உயர்த்துங்கள்.