படகு கட்ட துறை உண்டு. லாரி ஒதுங்க இடம் உண்டா?
பிச்சாவரம், சிதம்பரம், கடலூர் ரோடுகளில் தூக்கத்துக்கு அலையும் டிரைவர்கள்

பிச்சாவரம் என்றதும் சுரபுன்னைக் காடும் படகு சவாரியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1975-ல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் "இதயக்கனி" படப்பிடிப்பு நடந்த இடம் இது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாக வேனும் காரும் வரிசை கட்டும்.

இரவானால் அதே ரோட்டில் போகிறவர்கள் வேறு ஆட்கள். முடசல்ஓடை மீன் இறங்கு தளத்துக்கு ஐஸ் கொண்டு வரும் லாரி. மீன் ஏற்றிப் போகும் லாரி. இறால் பண்ணைக்குத் தீவனம் கொண்டு வரும் லாரி. படகு கரைக்கு வரும் நேரம் கடலையும் காற்றையும் பொறுத்தது. அதுவரை லாரி டிரைவர் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயரவும் வேண்டும்.

எங்கே அயர்வது? ரோட்டின் ஒரு பக்கம் வயல். இன்னொரு பக்கம் வாய்க்கால் அல்லது உப்பங்கழி. தாரின் விளிம்பைத் தாண்டினால் ஈர மண். பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் அதில் இறங்கிவிட்டால் ஜே.சி.பி. வைத்துத்தான் இழுக்க வேண்டும். ஆகவே பாதி வண்டி தாரிலும் பாதி மண்ணிலுமாக நிறுத்திவிட்டு, கால் நீட்ட முடியாத சீட்டில் சுருண்டு படுக்கிறார் டிரைவர். பின்னால் நாலு கல்லும் ஒரு பச்சைக் கிளையும் போட்டு வைப்பார். அதுதான் எச்சரிக்கை விளக்கு! விடிந்ததும் லாரி போய்விடும். கல் ரோட்டிலேயே கிடக்கும். காலையில் வேலைக்குப் போகிற சைக்கிள்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் அதில் இடறி விழுவார்கள்.

கிள்ளை ரோடு சின்ன ரோடு. சிதம்பரத்தில் இருந்து கடலூர் போகும் பெரிய ரோட்டில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது.

<b>ஆற்றுப் படுகை ரோடு</b>

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சுமார் 45 கிலோ மீட்டர். கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என்று ஆறுகள் கடலில் சேரும் தாழ்வான பூமி. மழை, வெள்ளத்துக்குப் பயந்து பல இடங்களில் ரோட்டை மேடு கட்டித்தான் போட்டிருக்கிறார்கள். மேட்டு ரோட்டுக்கு ஓரம் ஏது? ஊர் வரும் இடத்தில் ஓரம் இருக்கும். ஆனால் அங்கே டீக்கடை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம்.

முன்பு 45-ஏ என்றும் இப்போது 32 என்றும் எண் போட்ட இந்தத் தேசிய நெடுஞ்சாலை, நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் சிதம்பரம் அருகே கொத்தட்டை சுங்கச்சாவடியில் வசூல் தொடங்கியபோது தனியார் பஸ்காரர்கள் கொதித்தார்கள். ஊரெல்லாம் பேசியது கட்டணத்தைப் பற்றித்தான். கட்டணம் கட்டுகிற லாரிக்காரர் எங்கே படுப்பார் என்று கேட்க ஆள் இல்லை. இத்தனைக்கும் நான்கு வழிச் சாலைக்கான விதிமுறைகளிலேயே லாரி ஒதுங்குமிடத்துக்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணியாவது ஓய்வு. இப்படிச் சொன்னது 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது செல்லாது. ஒற்றை லாரி முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்கள் அப்போதே கணக்கில் வரவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 8 மணி நேரக் கணக்கு அதிலும் இருக்கிறது.

இது ஒரு பக்கம். மறுபக்கம், பொது வழியில் இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 200 ரூபாய் வரை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 5 ஆயிரம் ரூபாய் வரை!

ஓய்வு எடுக்காவிட்டால் தப்பு. நின்றாலும் தப்பு. இடையில் மாட்டிக்கொண்டவர் டிரைவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் நேஷனல் பர்மிட் லாரியில் ஒரு காலத்தில் இரண்டு டிரைவர்கள் கட்டாயம். ஒருவர் ஓட்டினால் மற்றவர் படுக்கலாம். ஓடுகிற வண்டியிலேயே தூக்கம் முடிந்துவிடும். 2018-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். முதலாளிக்கு ஒரு சம்பளம் மிச்சம். ஆனால் அந்த இரண்டாவது டிரைவரோடு சேர்ந்து, தூங்குகிற நேரமும் வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டது. இப்போது தூங்க வேண்டுமானால் லாரி நின்றாக வேண்டும். விதியை எடுத்தவர்கள், லாரி நிற்க இடத்தையும் கூடவே கொடுத்திருக்க வேண்டாமா?

<b>காக்க வைப்பது யார்?</b>

"டிரைவர்கள் கண்ட இடத்தில் நிறுத்துகிறார்கள்" என்று சொல்வது சுலபம். அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தால், பல நேரம் காரணம் அவர்கள் அல்ல.

லாரி நடுநிசியில் வந்து சேரும். தொழிற்சாலை கேட் காலையில்தான் திறக்கும். கிடங்கில் ஆள் வந்து, எடை போட்டு, ரசீது எழுதி, சரக்கை இறக்க மதியம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். சென்னைக்குப் போகிற லாரிக்கு வேறு கணக்கு. நெரிசல் நேரத்தில் நகருக்குள் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை. தடை நேரம் முடிகிறவரை வழியில் எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை வந்தால் நெல் லாரிகள். ஆலை அரவை தொடங்கினால் கரும்பு லாரிகள். நெய்வேலிப் பக்கம் பழுப்பு நிலக்கரி லாரிகள்.

இவை எல்லாவற்றையும் விடக் கவலை தருவது டேங்கர் லாரிதான். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பது சிதம்பரம் ரோட்டின் மேலேயே. ரசாயன டேங்கர்கள் வந்து போகிற இடம். அபாயகரமான சரக்கு ஏற்றிய வண்டியை ஓட்டாத நேரத்தில், தீ, வெடிப்பு முதலிய ஆபத்து இல்லாத இடத்தில்தான் நிறுத்த வேண்டும். எந்த நேரமும் வண்டி அவருடைய அல்லது பொறுப்பான வேறு ஒருவருடைய பார்வையில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. நல்ல விதி. தனி ஆளாக வந்த டிரைவர் குளிக்கவும் சாப்பிடவும் போனால் யார் பார்வையில் வண்டி இருக்கும்? ஆபத்து இல்லாத அந்த இடம் எது என்று யார் காட்டுவார்கள்?

நிற்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதும் பலருடைய குறை. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி வருகிறவருக்கு, காத்திருக்கிற நாள் நஷ்டக் கணக்கு. தூங்கும்போது டீசல் திருடு போனாலும், பேட்டரி போனாலும், தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை எடுத்தாலும் முதல் கேள்வி டிரைவரிடம்தான். அதனால் படுத்தாலும் தூங்குவது அரைத் தூக்கம்.

<b>பஸ்சில் போகிறவருக்கு என்ன?</b>

நிறைய இருக்கிறது. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள். 17 ஆயிரத்து 884 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நமக்குத்தான். இதில் நின்ற லாரியின் பின்னால் மோதியவர்களும் உண்டு.

2023 செப்டம்பர் 6-ந்தேதி அதிகாலை சேலம் மாவட்டம் சங்ககிரி அருகே ரோட்டோரம் நின்றிருந்த லாரி மீது ஆம்னி வேன் மோதியது. கைக்குழந்தை உட்பட 6 பேர் பலி. 2025 நவம்பரில் ராஜஸ்தான் மாநிலம் பலோடி அருகே, கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் வேன் நின்றிருந்த டிரெய்லரில் மோதிப் பலர் மாண்டார்கள். அதை சுப்ரீம் கோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் அனுமதி இல்லாமல் முளைத்த ஓட்டல்களால்தான் லாரிகள் அங்கே நிற்கின்றன என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்தது.

அதில் உண்மை உண்டு. ஆனால் ஓட்டலை எடுத்துவிட்டால் பசி போய்விடுமா? தூக்கம் போய்விடுமா? ஓட்டல் வாசலில் விளக்காவது எரியும். அதையும் எடுத்துவிட்டு வேறு இடம் தராவிட்டால், லாரி இருட்டில் போய் நிற்கும்.

<b>அமெரிக்காவிலும் இதே கதை</b>

பணக்கார நாட்டிலும் இந்தத் தொல்லை தீரவில்லை. 2009 மார்ச்சில் பால் சரக்கு ஏற்றிப் போன ஜேசன் என்ற டிரைவர், இறக்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். அங்கே நிற்க வழி இல்லை. மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்திப் படுத்தார். தெற்கு கரோலினா மாநிலத்தில் நடந்தது இது. கொள்ளைக்காரன் சுட்டுக் கொன்றான். கிடைத்த பணம் 7 டாலர்! அவருடைய மனைவி விடவில்லை. போராடினார். 2012-ல் லாரி நிறுத்துமிடங்களுக்காக அவர் பெயரிலேயே "ஜேசன் சட்டம்" வந்தது.

அங்கேயும் இங்கேயும் முடிச்சு ஒன்றுதான். லாரியை வரச் சொன்னவர் கேட்டைத் திறக்கவில்லை.

<b>என்ன செய்யலாம்?</b>

மத்திய அரசு சும்மா இல்லை. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு ஓய்வு இல்லங்கள் கட்டுவதாக 2024-ல் பிரதமர் அறிவித்தார். பெட்ரோல் பங்குகளில் படுக்கை வசதி தரும் "அப்னா கர்" திட்டமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எஞ்சினை நிறுத்தினால் அந்த ஏ.சி. ஓடுமா? ராத்திரி முழுக்க எஞ்சினை ஓட விட்டால் டீசல் யார் கணக்கு? பழைய லாரிகளுக்கோ அதுவும் இல்லை. வெயில் காலத்தில் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பதுதான் அவர்களுக்கு ஏ.சி.

இடம் எங்கோ இருந்தால் போதாது. காத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னை மாதவரத்தில் பெரிய லாரி முனையம் கட்டினார்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வருடக்கணக்கில் எண்ணூர் விரைவுச் சாலையில்தான் வரிசையில் நின்றன. வரிசையை விட்டு விலகினால் முறை போய்விடுமே!

வழி கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்பு வண்டி நிற்க யார்டு வைத்து, டோக்கன் கொடுத்து, முறைப்படி கூப்பிடுகிற வழக்கம் பழையது. அரவை மும்முரத்தில் வரிசை ரோட்டுக்கு வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் டோக்கன் கையில் இருந்தால் ஒரு மணி நேரமாவது நிம்மதியாகப் படுக்கலாம். சரக்கை வரவழைக்கிற தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இதையே செய்தால் என்ன? நூறு லாரியை வரச் சொல்கிறவர், பத்து லாரி நிற்கவாவது சுற்றுச்சுவருக்குள் இடம் விட வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை போடலாம். அந்தச் செலவு, அவசரமாகப் பாலம் கட்டுகிற செலவு அல்ல. மண் கொட்டி இறுக்கிய தரை, நாலு விளக்கு, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு காவலாள். அவ்வளவுதான்.

பிச்சாவரம் பக்கத்தில் வேலை இன்னும் சுலபம். சுற்றுலா வண்டிகள் நிற்பது பகலில். மீன் லாரிகள் நிற்பது இரவில். பகலில் கார் நிற்கிற இடத்தை இரவில் லாரிக்கு விடலாமா, அதற்குக் காவலும் விளக்கும் யார் பொறுப்பு என்பதைச் சுற்றுலாத் துறையும் மீன்வளத் துறையும் உள்ளூர்ப் பேரூராட்சியும் உட்கார்ந்து பேசினால் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். சம்பா அறுவடை லாரிகள் சிதம்பரத்துக்கு வந்து சேருவதற்கு முன்பே அந்தப் பேச்சு நடக்க வேண்டும்.