பரீட்சை முடிந்தது, தீவுக்குப் போவது யார்?

போன ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு பிற்பகல். ஒரகடம் கூட்டுரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இரண்டாம் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, கூட்டத்தை விழுங்கிக்கொண்டு போயின. டீக்கடைப் பக்கம் வேறொரு கூட்டம். பக்கத்து என்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள், இருபது பேர் இருப்பார்கள். முதுகில் பை, தலையில் தொப்பி, முகத்தில் சொல்லி முடியாத சந்தோஷம். கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டது. மீனம்பாக்கம் போய் விமானம் ஏறி அந்தமானுக்கு ஐந்து நாள் உல்லாசப் பிரயாணம் போகிறார்களாம்.

என் அருகே நின்ற பெண்ணுக்கு வயது பத்தொன்பது. செஞ்சிப் பக்கத்துக் கிராமம். முந்தின வருஷம் மார்ச்சில் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதினாள். ஒரு வாரம் கழித்து காண்ட்ராக்டர் வேன் ஊருக்கு வந்தது. பெட்டியோடு ஏறினாள். அவளுடைய பரீட்சை லீவு அந்த ஒரு வாரம்தான். இப்போது ஓர் ஆலையில் 'டிரெய்னி' என்ற பெயரில், நின்றபடியே திருகாணி முடுக்குகிறாள். அவள் அந்த மாணவர்களைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"அந்தமானுக்குக் கப்பல்லயும் போலாமாமே அண்ணா? எத்தனை நாள் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. சங்க விஷயமாக வந்தவனிடம் சம்பள பாக்கி, பி.எப். கணக்கு, விடுதிச் சாப்பாடு, எதைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். கடலைக் கேட்டுவிட்டாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மாலை ஆபீசில் இதைச் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் சிரித்தார். "இருக்கிற பிரச்னை போதாதென்று அந்தமான் வேறா? அதெல்லாம் மேல்தட்டு ஆசை, தோழர்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நானே பல வருஷம் அப்படிப் பேசியவன்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே செங்கல் சூளைக்குப் போனவன் நான். லீவில் ஊர் சுற்றுவது என்றாலே அடுத்தவன் வீட்டுக் கல்யாணம் மாதிரி ஒதுங்கி நின்று பழகிவிட்டது. ஆனால் அந்த ஒதுங்கி நிற்கும் புத்தியை நமக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று யோசிக்க வேண்டாமா?

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான இளம் பெண் தொழிலாளிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, எதற்காக? விடுதியில் போட்ட சோறு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் படுத்ததற்காக. உண்ணத் தகுந்த சோறு கேட்டார்கள். சோறு கேட்ட கை கடலைக் கேட்கக் கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

சம்பளத்துடன் லீவு என்பது எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்த தானமல்ல. பிரான்ஸ் தேசத்தில் 1936 மே, ஜூன் மாதங்களில் லட்சோப லட்சம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலைக்கு வெளியே நிற்கவில்லை, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். மக்கள் முன்னணி சர்க்கார் அப்போதுதான் பதவி ஏற்றிருந்தது. ஜூன் மாதமே சட்டம் வந்தது: ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் லீவு. அந்தக் கோடையில் லியோ லக்ராஞ்ச் என்ற இளம் மந்திரி ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாகக் கடலையே பார்க்காத குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் கடற்கரையில் போய் இறங்கின. கனவான்களுக்கு வயிறு எரிந்தது. தங்கள் கடற்கரையைத் தொப்பிபோட்ட கும்பல் அசிங்கப்படுத்திவிட்டது என்று முணுமுணுத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததையும் கேளுங்கள். அந்த இரண்டு வாரம் 1956-ல் மூன்று ஆயிற்று. 1969-ல் நான்கு. 1982-ல் ஐந்து.

இங்கே கதை என்ன? வைசிராய் நிர்வாக சபையில் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1945-ல், பாக்டரிச் சட்டத்தைத் திருத்தி, நிரந்தர ஆலைகளில் ஒரு வருஷம் உழைத்த தொழிலாளிக்குச் சம்பளத்துடன் பத்து நாள் லீவு என்று வைத்தார்கள். சுதந்திரம் வந்த பின் 1948 பாக்டரிச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் லீவு என்றது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தபோது அந்த 240 நாளை 180 ஆகக் குறைத்தது. இதை மட்டும் நாம் மறுக்கவில்லை. ஆனால் 20 நாளுக்கு ஒன்று என்ற கணக்கு? 1948-ல் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. எழுபத்தேழு வருஷம்! இந்த எழுபத்தேழு வருஷத்தில் ஒரு தொழிலாளியின் கையிலிருந்து இறங்கும் சரக்கு எத்தனை மடங்கு பெருகிவிட்டது? ஒரகடத்திலிருந்து லாரியில் ஏறிப் போகும் கார்களையும், ஸ்ரீபெரும்புதூரில் பெட்டி பெட்டியாக அடுக்கப்படும் கைபேசிகளையும் கேட்டால் சொல்லும்.

அந்த ஓட்டைக் கணக்காவது எல்லோருக்கும் கிடைக்கிறதா? சட்டப்படி காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் லீவு உண்டு. ஆனால் ஏழெட்டு மாதம் ஒரு காண்ட்ராக்டர் பெயரில், அப்புறம் சில நாள் 'பிரேக்', பிறகு இன்னொரு காண்ட்ராக்டர் பெயரில் புது அட்டை. ஆள் அதே ஆள், மெஷின் அதே மெஷின், லீவுக் கணக்கு மட்டும் மறுபடி பூஜ்யத்தில். அப்ரண்டிஸ் நிலைமை இன்னும் விசித்திரம். 1961 அப்ரண்டிஸ் சட்டம், 'இவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல' என்று எழுதியே வைத்திருக்கிறது. ராத்திரி ஷிப்டு பார்க்கும்போது தொழிலாளி, லீவு கேட்கும்போது மாணவர்! சரி, மாணவர் என்றால் மாணவருக்குரிய கோடை லீவைக் கொடுங்களேன் என்று கேட்டால் சூபர்வைசர் சிரிக்கிறார்.

நிரந்தரத் தொழிலாளிகளும் லீவை அனுபவிப்பதாகச் சொல்ல முடியாது. சேர்த்து வைக்கிறார்கள். அப்பாவின் ஆபரேஷன், தங்கையின் வளைகாப்பு, நெல் அறுவடை, சொந்தக்காரன் சாவு என்று கரைகிறது. மிச்சமிருந்தால் காசாக்கிப் பள்ளிக்கூட பீஸ் கட்டுகிறார்கள். ஓய்வு என்ற பெயரில் கொடுத்த நாள் ஓய்வாகக் கழிந்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வைத் தூண்டிலில் குத்திக் காட்டியதும் இதே மாநிலத்தில் நடந்தது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றினார்களே, அப்போது சொன்ன சமாதானம் நினைவிருக்கிறதா? நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு! பாதகமில்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால், விடுதிக்கும் ஆலைக்கும் போகவர இரண்டு மணி நேரம். நாலு நாள் அப்படி நின்றவன் மூன்று நாள் எங்கே போவான்? படுக்கைக்குத்தான். தொழிற்சங்கங்கள் கட்சி வித்தியாசம் பாராமல் எழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. எட்டு மணி நேரத்தை விற்று லீவு வாங்குவதற்கு நாம் தயாரில்லை என்பதை மந்திரிமார்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

தீவு விளம்பரங்களைப் பார்க்கிறேன். நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரத்துக்கு அடியில் கயிற்று ஊஞ்சல். படத்தில் ஓர் ஆளும் வேலை செய்வதில்லை! அறையைப் பெருக்கியவள் எங்கே, மீன் பொரித்தவன் எங்கே, படகு தள்ளியவன் எங்கே? நமக்குப் பரீட்சை முடிந்த சீசன், அங்கே லீவு கேட்க முடியாத சீசன். மாலத்தீவில் 1972 முதல் ஒரு தீவுக்கு ஓர் ஓட்டல் என்று கட்டி வந்திருக்கிறார்கள். அங்கு வேலைக்குப் போகும் நம் பையன்களுக்கு ஷிப்டு முடிந்தாலும் போக வேறு இடமில்லை. சுற்றிலும் தண்ணீர். நாம் தீவுக்குப் போகும் உரிமையைக் கேட்கும்போது, தீவில் இருப்பவன் வெளியே போகும் உரிமையையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

அந்தமானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு போர்ட் பிளேர் என்றிருந்து 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ஊரில்தான் செல்லுலார் சிறை நிற்கிறது. 1933-ல் அங்கே அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதிகாரிகள் பலவந்தமாகப் பால் புகட்டினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமோதாஸ், மோஹித் மொய்த்ரா என்ற மூன்று இளைஞர்கள் உயிர் விட்டார்கள். அவர்கள் கேட்டது மனிதன் சாப்பிடக்கூடிய சாப்பாடு, விளக்கு, படிக்கப் புத்தகம் போன்றவைதான். இரண்டு வருஷத்தில், 1935-ல், அதே சிறைக்குள் கைதிகள் கம்யூனிஸ்டுக் குழு அமைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். கல்லூரி மாணவர்கள் அந்த மூன்று கிளை வராந்தாக்களில் நடந்து வந்தால் நல்லதுதான். (கட்டியபோது கிளைகள் ஏழு, மிச்சம் இருப்பது மூன்று.) எங்கள் செஞ்சிப் பெண்ணும் அங்கே நடந்துவர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவளும் விடுதிச் சாப்பாட்டை அறிந்தவள்தானே! அந்தக் கதை அவளுக்குச் சட்டென்று புரியும்.

கப்பல் விஷயத்தையும் விசாரித்துவிட்டேன். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலில் மூன்று நாள் அளவில். போக மூன்று, வர மூன்று, அங்கே இருக்க மூன்று, ஆக ஒன்பது நாள். 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்றால் ஒன்பது நாளுக்கு 180 நாள் உழைப்பு! அரை வருஷம் நின்று திருகாணி முடுக்கினால் ஒரு தரம் கடலைத் தாண்டிப் பார்த்து வரலாம். அதுவும் லீவு கிடைத்தால், கட்டணத்துக்குக் கையில் காசிருந்தால். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அந்தமான் போய்வர விமானச் சலுகை உண்டு. அவர்கள் போராடிப் பெற்ற சலுகை, இருக்கட்டும். அதே தேசத்துக்காகச் சரக்கு உற்பத்தி செய்கிறவனுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

இப்படிக் கேட்பது புதிதுமல்ல. தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1972-ல் வந்தது. வருஷா வருஷம் தொழிலாளி சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள், முதலாளி பங்கும் சர்க்கார் பங்கும் அதில் சேருகிறது. அந்த நல வாரியம் குற்றாலத்திலும் மாமல்லபுரத்திலும் தொழிலாளிகளுக்கென்று ஓய்வு இல்லங்கள் கட்டியது. பெயர் ஜீவா இல்லம்! நம் ஜீவாவின் பெயர்தான். ஒரகடத்தில் ஒரு நாள் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். இப்படி ஓர் இல்லம் உண்டு என்று அறிந்த தொழிலாளி ஒருவர்கூட அகப்படவில்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. இதில் சர்க்காரை மட்டும் குற்றம் சொன்னால் போதாது. சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லாத நாமும் குற்றவாளிகள்தான்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். ஆலைக்குப் பக்கத்தில் படுக்கை போடக் கோடிகள் கிடைக்கும்போது, ஆலையை விட்டுப் பத்து நாள் தள்ளியிருக்கக் கொஞ்சம் கிடைக்காதா? காண்ட்ராக்டர் பெயர் மாறினாலும் லீவுக் கணக்கு அறுபடக் கூடாது. 20-க்கு ஒன்று என்பது 10-க்கு ஒன்று ஆக வேண்டும். பரீட்சை முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே சம்பளத்துடன் ஒரு வாரமாவது வேண்டும். கப்பலிலும் ரயிலிலும் தொழிலாளிக்குக் கட்டணச் சலுகை வேண்டும். வரும் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்த தோழர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கடைசியில் போடாதே, நடுவில் போடு. கடைசியில் இருப்பதைத்தான் பேச்சுவார்த்தையில் முதலில் வெட்டுவார்கள்" என்றார்.

அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தபோது ஒன்பது நாள் கணக்கைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். அந்தமான் இருக்கட்டும், முதலில் மாமல்லபுரம் போகலாம் என்று அவளும் அறைத் தோழிகளும் முடிவு செய்திருக்கிறார்கள். பதினோரு பேர். அதில் நாலு பேர் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஷிப்டு வேறு வேறாக இருப்பதால், எல்லோருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கேட்டு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் வரவில்லை.