குட்டி யானைக்கு அணியும் தீனியும்

டாட்டா நிறுவனம் 2005ஆம் ஆண்டில் 'ஏஸ்' என்னும் சிறு சரக்கு வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2 சிலிண்டர்களும் ஏறத்தாழ 700 சி.சி. கொள்ளளவும் உடைய டீசல் எஞ்சின். ஏற்றத்தக்க சுமை சுமார் 750 கிலோ. லாரி நுழைய முடியாத சந்துகளில் அது நுழைந்தது. மூன்று சக்கர வண்டி திணறும் பாரத்தை எளிதில் இழுத்தது. வடக்கே மக்கள் அதனைச் 'சோட்டா ஹாத்தி' என்றனர். நம்மூரார் 'குட்டியானை' என்றனர். மொழி இரண்டாயினும் பெயர் ஒன்றே. அதனினும் பெரிய பிக்கப் வண்டிகள் பல இன்று சாலையில் ஓடுகின்றன. யாவற்றிற்கும் நாம் சொல்லப்போவது பொருந்தும்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து பிழைக்கும் நம்மவருள் பலருக்கு இவ்வண்டியே நிலம், இவ்வண்டியே கடை. விடியுமுன் காய்கறிச் சந்தை, பகலில் மரச்சாமான், ஞாயிறன்று வீடு மாற்றுவோரின் தட்டுமுட்டுச் சாமான்கள் என்று அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். மாதத் தவணையும் அடையும். ஆகவே உடையவன் அதனைப் பிள்ளைபோல் அலங்கரிப்பதில் வியப்பில்லை. முகப்பில் குலதெய்வத்தின் பெயர், ஓரங்களில் பூவேலை, இருக்கைக்குப் புது உறை, கண்ணேறு படாதிருக்க எலுமிச்சையும் மிளகாயும். அயல் மாநிலத்து நெரிசலினிடையே ஒரு வண்டியின் பின்பலகையில் தமிழெழுத்தைக் காணும்போது நம் நெஞ்சம் குளிர்கிறதன்றோ? அவ்வலங்காரத்தை நாம் குறை கூறோம்.

ஆயினும் அலங்காரம் வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இவ்வாறு செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எரிவாயுக்கு மாற்ற விரும்புவோர் அங்கீகாரம் பெற்ற சாதனத்தைப் பொருத்தி, பதிவுச் சான்றிலும் குறித்துக்கொள்ள வழியுண்டு. முன்புறத்தில் கனத்த இரும்புக் கம்பிகளைப் பொருத்துவதற்கோ இடமில்லை. அவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

எல்லா மாற்றங்களிலும் அச்சந்தருவது ஒன்றுண்டு. பின்சக்கரத்து ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்து, தொட்டியின் பக்கப்பலகையை உயர்த்திக் கட்டுவதே அது. இதன்பின் 1,500 கிலோ ஏற்றினும் வண்டி தாழ்வதில்லை. கண்ணுக்கு வலிமை கூடியதாகத் தோன்றும். ஆனால் பிரேக் பழைய பிரேக்கே. டயரும் அச்சும் பழையவையே. ஓடும் வண்டியின் மொத்த எடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதனை நிறுத்தும் பிரேக்கின் உழைப்பும் அத்தனை மடங்கு கூடும். சுமை உயர உயர, வளைவிலே கவிழும் வாய்ப்பும் மிகும். பட்டை சேர்த்தவர் சுமையைத் தாங்க வழி செய்தாரேயன்றி, நிறுத்த வழி செய்தாரல்லர். அளவு மீறிய சுமைக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னிற்கும் 2,000 ரூபாயும் இன்றைய தண்டம். சரிவில் நில்லாத வண்டியின் எதிரே பள்ளிச் சிறுவன் ஒருவன் வந்துவிட்டால், அதற்கு எந்த ரசீதும் ஈடாகாது.

உடையவனை மட்டும் நாம் சாடுவது முறையன்று. வீடு மாற்றும் நாளில், "இரண்டு நடை எதற்கு? ஒரே நடையில் முடித்துவிடுங்கள்" என்று கேட்பவர் யார்? நாமன்றோ! மறுத்தால் அடுத்த வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். பட்டை சேர்ப்பவர் பட்டறைக்காரர்தாம். எனினும் அதனைச் சேர்க்கத் தூண்டுவது பல வேளை வாடகை பேசுவோரின் சிக்கனமே. இரண்டாம் நடைக்குரிய கூலியைக் கொடுப்பது தருமம் அன்று, நியாயம்.

இனி, செலவு சிறிதும் பயன் பெரிதுமான பராமரிப்பைக் கூறுவோம். டயரின் காற்றைக் காலையில் வண்டி எடுக்குமுன், சூடேறாத நிலையில் அளந்து பார்த்தல் வேண்டும். தேய்மானம் காட்டும் சிறு மேடுகளின் மட்டத்திற்கு டயரின் வரிகள் தேய்ந்துவிட்டால், மழைக்காலத்தை அதனோடு எதிர்கொள்ளலாகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த ஆயில் சூட்டில் விரைவில் கொதித்து, இறக்கத்தில் மிதி ஏமாற்றும். ஆகவே குறித்த காலத்தில் அதனை மாற்றுதல் இன்றியமையாதது. சக்கர நட்டுகள், ஸ்பிரிங் பட்டையின் விரிசல், பின்விளக்கு ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு வேலையையும் நாளும் கிலோமீட்டரும் குறித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தல் நன்று. வண்டியை விற்கும் நாளில் அந்நோட்டும் விலைபெறும்.

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். சான்று வாங்கும் நாளுக்கு மட்டும் விளக்கையும் டயரையும் இரவல் பெற்று மாட்டுவதில் யாருக்கு இலாபம்?

ஆயுத பூசை நாளில் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்து வண்டியை நகர்த்துவது நம் வழக்கம். அவ்வழக்கம் தொடரட்டும். அதற்கு முந்திய நாள், அதே நான்கு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் கட்டைகளைப் பார்த்து மாட்டும் வழக்கத்தையும் நம் அன்பர்கள் மேற்கொள்வார்களாக.